பதினோரு மணிக்கு நண்பகல்

இரவு ஒன்றே முக்காலுக்குச் சிவப்பு.
நாற்பத்திரண்டு வேலைகளில் ஒன்றே ஒன்று:
பழைய வெளியீட்டில் கையேட்டைக் கட்டும் வேலை.
நிரல் நன்றாகத்தான் ஓடுகிறது.
அதைப் பற்றிச் சொல்லும் பக்கங்கள்தான்
பிறக்க மறுக்கின்றன.

"இப்படியொரு விருப்பத்தை நான் அறியேன்"
என்கிறது பழைய கருவி.
உண்மைதான்.
அதன் காலத்தில்
அப்படியொரு விருப்பம் எவருக்கும் இருந்ததில்லை.

காலையில் ப்ர்னோவின் டிராமில்
ஜன்னல் பனியைக் கையுறையால் துடைத்தபடி
ட்ரஹோமீரா சொன்னாள்:
"வெட்டிவிடு.
ஆதரவு முடிந்ததென்று அறிவித்து
ஒரு வருடமாகிறது.
இன்னும் அதில் யார் இருக்கிறார்கள்?"

யார் என்று எனக்குத் தெரியும்.

மலைமேல் அணையின் மதகறையில்
ர்ஷெஹோர்ஷ் ஸ்கோபாலிக்.
நீர்மட்டம் படிக்கும் அட்டை
அந்தப் பழைய இயங்குதளத்தில் மட்டுமே வாய் திறக்கும்.
அட்டையைச் செய்த நிறுவனமோ
இப்போது காபி இயந்திரம் விற்கிறது.
அங்கே இணையம் எட்டாது.
வெள்ளிக்கிழமை இறங்கி வந்து
பென்டிரைவில் எல்லாவற்றையும் ஏற்றிப் போவார்.
கையேட்டை அங்கேயே கட்டி, அச்சடித்து,
துளையிட்டுக் கோப்பில் போடுவார்.

எங்கள் கையேட்டை
முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தவர்
உலகத்தில் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.
எழுதிய நான்கூட இல்லை.
மூன்று வருடம் முன்பு ஒரு கடிதம்:
"பதினேழாம் பக்கத்தில் 'திறக்கும் முன்' என்பது
'திறந்த பின்' என்றிருக்க வேண்டும்.
என் காலுறை இன்னும் காயவில்லை."
திருத்தினோம்.
நன்றிப் பக்கத்தில் பெயர் சேர்த்தோம்.

ஆக, வெட்டவில்லை.
ஒரு நிபந்தனை வரி எழுதினேன்:
கருவி இன்ன எண்ணுக்குக் கீழே இருந்தால்
இந்த விருப்பத்தைக் கேட்காதே.
அட்டவணைகள் கோடிழந்தன. போகட்டும்.
சிவப்பு பச்சையானது.
கிளம்ப இருந்தவன், எதற்கோ
கடைசிப் பக்கத்தைத் திறந்தேன்.

?eho? என்றிருந்தது.

அவர் பெயரின் முதலிலும் முடிவிலும்
தலையில் சிறு கொக்கியோடு நிற்கும் அந்த எழுத்து,
எங்களைத் தவிர
வேறெவர் நாவிலும் லேசில் புரளாத எழுத்து,
பழைய எழுத்துருவில் இல்லை.
புதிய இயந்திரங்களில் எல்லாம்
அவர் பெயர் அழகாகவே இருக்கிறது.
அங்கே யாரும் அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை.
அது உடையப்போகும் ஒரே இடம்
அவருடைய மேசை.

மறுநாள் முழுக்க அதற்கே போயிற்று.
எழுத்துருவைக் கையேட்டோடு கட்டினேன்: எடை கூடியது.
குறைத்தேன்: கொக்கி விழுந்தது.
மூன்றாம் முறை
இரண்டு கேள்விக்குறியும் எழுந்து போயின.

பரிசீலனையில் ட்ரஹோமீரா ஒரே வரி கேட்டாள்:
"இதை எப்போது நீக்குவாய்?"
ஒரு தேதி தட்டினேன்.
அப்போது பெட்ரோவ் குன்றின் தேவாலயத்தில்
நண்பகல் மணி அடித்தது.
கணினியின் மூலையில் மணி பதினொன்று.

முற்றுகையிட்ட தளபதி
நண்பகலுக்குள் விழாவிட்டால் விலகுவேன் என்றானாம்.
யாரோ ஒரு மணி முன்னதாகக் கயிற்றை இழுத்தானாம்.
படை போய் நூற்றாண்டுகள் ஆகியும்
ஊர் அந்த மணியைத் திருத்தவில்லை.
அதற்காக யாரும் பதினொரு மணிக்குச்
சாப்பிடப் போவதுமில்லை.

தேதியை அழித்தேன்.
"அட்டை சாகும்போது" என்று எழுதினேன்.
அவள் நீண்ட நேரம் பதில் போடவில்லை.
பிறகு, வேறொன்றும் சொல்லாமல்,
ஒப்புதல்.

இரண்டு வெள்ளிக்கிழமை கழித்து மின்னஞ்சல்:
"பெயர் சரியாக வந்திருக்கிறது.
அட்டவணைக்குக் கோடு இல்லை,
பேனாவால் போட்டுக்கொண்டேன்.
இருபத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு தவறு."